அண்ணாச்சி வீட்டுக் குப்பையும் செல்வியக்கா கையும்

அடுத்தவர் வாசலில் நின்று அவர்கள் வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசுவதுதான் என் பிழைப்பு. திருத்தங்கலில் வீடு வீடாகப் போய், மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று சொல்லிக்கொடுக்கிறேன். பேட்டரி வண்டி ஓட்டிக் குப்பை வாங்கும் செல்வியக்காவும் கூட வருவார். சொந்த வீட்டில் ஒரே ஓர் ஆளையாவது குப்பையைப் பிரித்துப் போட வைக்க முயன்று தோற்றிருக்கிறீர்களா? எனக்கு ஒரு வார்டே இருக்கிறது.

விலாசம்

ஒரு காலிமனையில் தினமும் யாரோ மூட்டை மூட்டையாகக் குப்பையைப் போட்டுவிட்டுப் போனார்கள். மூட்டையைப் பிரித்தால் உள்ளே பேரோ விலாசமோ இருக்கும், அந்த வீட்டுக்கு அபராதம் போடலாம் என்றார் வெளியூரிலிருந்து புதிதாக வந்த மேற்பார்வையாளர். நாங்களும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

விலாசத்துக்குக் குறைவே இல்லை. ராஞ்சி மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை, கொல்லத்து நகைக்கடை காலண்டர், கவுகாத்தி மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டி. தெருவில் பாதிப்பேர் அச்சாபீசில் வேலை பார்ப்பவர்கள். அங்கே வெளிமாநிலத்துக்கு அடிப்பதில் பிழையாக அச்சாகிற தாளில்தான் மீன் முள்ளையும் முட்டை ஓட்டையும் சுருட்டுகிறார்கள். செல்வியக்கா ராஞ்சிப் பத்திரிகையை உதறி மேற்பார்வையாளரிடம் நீட்டி, நிதானமாகக் கேட்டார்: "அபராதம் வாங்கிட்டு வர ரயில் செலவு குடுப்பீகளா சார்?"

நீல வாளி

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், குப்பை பிரிக்க நாங்கள் கொடுத்த இரண்டு வாளிகளையும் வெளியிலேயே காட்டாமல், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித் தந்துகொண்டிருந்தார். வாளி எங்கே என்றால் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பார். கிறிஸ்துமஸுக்கு எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மூடிபோட்ட நீல வாளியைத் திறந்து அச்சுமுறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் வாளியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "இம்புட்டு நல்ல வாளியில போயி யாராச்சும் குப்பையப் போடுவாகளா?"

வெடிக்காதது

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மறுபடி திறந்திருந்த நேரம். நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருக்கும் அண்ணாச்சி, அன்று லீவில் வீட்டை ஒதுங்கவைத்து, ஒரு சாக்குக் குப்பை கொடுத்தார். எல்லாம் காகிதம் என்றார். அடுத்த வீட்டில் சாம்பிராணி போட்ட கரியை அதன்மேல் கொட்டினார்கள். கரி அணைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் புகை வந்தது. செல்வியக்கா என்னைத் தள்ளிவிட்டு வண்டித் தொட்டியை இழுத்துத் தெருவில் கவிழ்த்தார். அப்போதுதான் சாக்குக்குள்ளிருந்து வெடித்தது. தெருவில் கதவுகள் திறந்தன. வாசலுக்கு வந்த பெண்கள் எங்களைப் பார்க்கவில்லை, போனை எடுத்து, பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போன தங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு நர்ஸ் மட்டும் ஓடிவந்து செல்வியக்காவின் வலது கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். முழங்கை வரை தோல் வழன்றிருந்தது.

அண்ணாச்சிதான் ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கம்பெனியில் அத்தனை பேருக்குப் பாதுகாப்பு சொல்லித்தருகிறவர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தீவாளிக்கு வெடிக்காத வெடிதானேன்னு குப்பையில போட்டுட்டேம்மா" என்றார்.

கை ஆறி, தழும்போடு செல்வியக்கா மறுபடி வண்டி எடுத்த அன்று, அண்ணாச்சி வீட்டு வாசலில் மூன்று வாளிகள் தனித்தனியாக இருந்தன. மூன்றாவதில் முழுக்கத் தண்ணீர், அதற்குள் ஊறிப்போன நாலைந்து சரவெடி. பக்கத்தில் அவரே நின்றிருந்தார். செல்வியக்கா வண்டியை நிறுத்தி, இடது கையை நீட்டிக் கேட்டார்: "அண்ணாச்சி, மொதல்ல மக்குறதத் தாரீகளா, வெடிக்கிறதத் தாரீகளா?"

ஆக, எங்கள் வார்டில் பிசகாமல் குப்பை பிரிக்கும் வீடு இப்போது ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கை வெந்தால்தான் ஊர் திருந்தும் என்றால், செல்வியக்காவிடம் மிச்சம் இருப்பது ஒரு கைதான்.