ஊர்ப்பெயர் என்ற ஊருக்குப் போன பஸ்கள்

என் மகள் மாத்தளை டவுனில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து தமிழில் காணொளிகள் போடுகிறாள். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களில் புதியவர்கள் எப்படிச் சேரலாம், அதைக் காட்டி எங்கே வேலை தேடலாம் என்று சொல்லிக்கொடுப்பாள். அவளும் அப்படி, பஸ் நேரம் காட்டும் ஒரு செயலிக்குச் சம்பளமில்லாமல் உழைத்துவந்தாள். அதை நடத்துகிறவர்கள் சம்பளத்தோடு ஒருவரை எடுக்கப்போவதாக அறிவித்ததும் விண்ணப்பித்திருந்தாள்.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளன். "சிரமதானத்துக்குப் போறவளுக்கு யாரும்மா சம்பளம் குடுப்பாங்க?" என்று, ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலையோடு ஒப்பிட்டுக் கேலி செய்வேன்.

"சிரமதானந்தாம்ப்பா. ஒரு நாளைக்கு வந்து பாருங்க, பிளேன்டீ கெடைக்கும்."

அவள் தம்புள்ளைக்குப் போயிருந்த ஒரு நாள் அவளுடைய காணொளி ஒன்றைப் பார்த்தேன். "கோட் எழுதத் தெரியாட்டி பரவாயில்லங்க, மொழிபெயர்ப்புல ஆரம்பிங்க" என்றாள். எனக்கே சொன்னதுபோல் இருந்தது. மீதியைப் பார்க்கப் பொறுமையில்லை.

அவளுடைய கணினி திறந்தே கிடந்தது. சிரமதானத்தில் யாருடைய மம்பட்டி என்று யாரும் கேட்பதில்லை, கையில் கிடைத்ததை எடுத்து வெட்டுவதுதான் வழக்கம். அப்படியே அவள் கணக்கில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செயலியின் தமிழ் வாக்கியங்களுக்கு நடுவே வளைந்த அடைப்புக்குறிகளுக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் கலப்புத் தமிழைக் கண்டால் வரும் பழைய கோபம் வந்தது. ஒன்றுவிடாமல் தமிழாக்கிச் சேமித்தேன்.

அந்தச் சொற்களைத் தொடாமல் விட்டால்தான் அவற்றின் இடத்தில் செயலி உண்மையான ஊரின் பெயரைப் போடுமாம். நான் பார்க்காமல் விட்ட பகுதியில் அதைத்தான் சொல்லியிருந்தாள். உக்குவளை பஸ், நாலந்தா பஸ் எல்லாமே நான் தமிழாக்கிய 'ஊர்ப்பெயர்' என்ற ஒரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவள் அதைக் கண்டுவிட்டாள். "என் பேர்ல யாருப்பா இதைப் பண்ணினது?"

"கம்ப்யூட்டர் பிழையா இருக்கும்" என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"'அண்ணளவான வருகை நேரம்'னு இந்த வீட்டுல உங்களத் தவிர யாருப்பா எழுதுவாங்க?"

ஒப்புக்கொண்டேன். பழையபடி மாற்ற அவளுக்கு அதிக நேரமாகவில்லை. ஆனால் பிழை அவள் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். அதனால் அதன் கீழேயே ஆங்கிலத்தில் எழுதினேன்: இதைச் செய்தது இவளுடைய தகப்பன். இவள் வீட்டில் இல்லை. நான் காணொளியை முழுதாகப் பார்க்கவில்லை.

"தகப்பனாருக்கு ஏன் இன்னும் தனிக் கணக்கு இல்லை?" என்று செயலியை நடத்துகிறவர்களில் ஒருவர் சிரிப்புப் படத்தோடு கேட்டிருந்தார்.

அவள் சும்மா இருக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் யாராவது கைவைத்தால் உடனே தடுக்கும் ஒரு சிறிய நிரலை எழுதிச் சேர்த்தாள். என்னைப்போல எல்லா மொழியிலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் போலும், அது எல்லாருக்கும் பயன்பட்டது. அதைக் குறிப்பிட்டே அவளை எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தண்டனை அவளுடைய அடுத்த காணொளியில் உட்கார்ந்து, நடந்ததை நானே சொல்வது. சொன்னேன், கம்ப்யூட்டர் பிழை என்ற பொய்யையும் சேர்த்து.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து, "ஐயா, ஊர்ப்பெயருக்கு எந்த பஸ்ஸுங்க?" என்றாள்.

"எதுல வேணும்னாலும் ஏறும்மா" என்றேன்.