கல்லுக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் என் அம்மாவும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. மருமகன் முன்னால் மாமியார் நிற்கக் கூடாது, பேசினாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அவள் வேலை பார்த்த சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் அவளுக்குக் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டில் இருந்ததே ஒரு அறையும் அடுப்படியும்தான். அவர் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். நடுவில் நான் தபால்காரி. எரிச்சலாக வரும்.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு சர்வீஸ் முடிவதாக இருந்தது. முடிந்த கையோடு வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. எங்களோடு கொல்லங்கோட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன், திட்டியும் பார்த்தேன்.

"மக வீட்டுல போயி ஒண்டிக்கிட்டுக் கெடக்கச் சொல்லுதியா? போடி அங்கிட்டு" என்றாள். பின்னே எங்கேதான் போவாய் என்று கேட்டால் அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவாள்.

சும்மா ஒருநாள் வெளியே போய்வரலாம் என்று அவர்தான் காரை எடுத்தார். மறையூரில் பாறைமேல் முனியறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலத்து அறைகள். இத்தனை வருஷம் மலையிலேயே இருந்தும் அம்மா பார்த்ததில்லை.

வழியெல்லாம் தபால்.

"மாப்பிள்ளைக்குக் காப்பி வேணுமான்னு கேளு."

"அத்தைக்கு ஜன்னக் காத்து ஆகுமான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு மூணாறு தாண்டும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள், அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

பாறையில் ஏறியதும் அம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. பாதி அறைகள் சரிந்து கிடந்தன. முழுசாக நின்ற ஒன்றுக்குள் குனிந்து பார்த்து, "ஏட்டி, கட்டில் போட்டா அடுப்பு வைக்க எடமில்லையே" என்றாள். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அம்மாவும் நானும் உள்ளே புகுந்தோம். அவர் வெளியே, கல்லுக்கு அந்தப் பக்கம், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அவரை நனையாம நிக்கச் சொல்லுட்டி."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இன்றைக்குத் தபால் ஆபீஸ் லீவு.

பிறகு வெளியிலிருந்து, "ஏனுங்க அத்தை" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு கட்டியிருக்கறனுங்க. உர மூட்டை போடறதுக்குன்னு சொல்லி வெச்சனுங்க. நெசத்தைச் சொன்னா உங்க மக அன்னைக்கே உங்களுக்குப் போன் போட்டிருப்பா."

அடப்பாவி! அந்த அறையில் மேடை கட்டியதைப் பார்த்தும், உர மூட்டைக்கு எதற்கு அடுப்பு மேடை என்று எனக்கு உறைக்கவில்லையே.

"தனி வாசலுங்க. ரோட்டுல இருந்து நேரா ஏறிக்கலாம். எங்க ஊட்டு வழியா வர வேண்டியதில்லீங்க."

வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அம்மாவின் முகத்தையே பார்த்தேன். கடைசியில் கல்லைப் பார்த்துக் கேட்டாள்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"உங்ககிட்டத்தானுங்க. ஒரே சாவிதான். எங்ககிட்ட வேற கெடையாதுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் குடியிருந்தது எல்லாமே கம்பெனி வீடுகள்.

தூறல் விட்டதும் வெளியே வந்தோம். அவர் வழக்கம்போல விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அம்மா நேரே அவர் முன்னால் போய் நின்றாள். கையை நீட்டினாள்.

"கொண்டாங்க மாப்பிள்ளை."

சாவி அவர் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.