ஓம் என்று சொல்லக்கூடாத வீடு

வால்தம்ஸ்டோவில் நான் இருந்த வீட்டில் தேயிலை கிடையாது, கோப்பியும் கிடையாது. வீட்டுக்கார அம்மா மோர்மன் சபையைச் சேர்ந்தவர். அவர்களுக்கு அவை விலக்கு. காலையில் ஏதோ தானியத்தை வறுத்து அரைத்த தூளைச் சுடுநீரில் கரைத்துத் தருவார். கருகிய பாண் மாதிரி மணக்கும். குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். வேலையும் அவர்களால் வந்ததுதான். அந்த அம்மாவின் மகன் வீடுகளுக்குக் கம்பளம் விரிக்கும் தொழில் செய்தார். அவருடைய வான் வண்டியில் நான் உதவியாள். அறை, வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மூன்றும் ஒரே முடிச்சில் இருந்தன. ஒன்று அவிழ்ந்தால் மூன்றும் போய்விடும்.

எண்பதுகளின் கடைசி அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னார், பம்பாய், டமாஸ்கஸ், கிழக்கு பெர்லின், பாரிஸ் என்று அலைந்து லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஓர் அறையில் ஏழு பேரோடு படுத்தேன். ஷிப்ட் முடிந்து வருபவன், போகிறவன் விட்ட சூட்டிலேயே படுப்பான். ஒரு நாள் அந்த வீட்டுக் கதவை இரண்டு அமெரிக்கப் பொடியன்கள் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு. குடிவரவு அதிகாரிகள் என்று நினைத்து மற்றவர்கள் பின்கதவால் ஓடிவிட்டார்கள். எனக்குக் கடும் காய்ச்சல், ஓட முடியவில்லை. அவர்கள் திரும்பிப் போய் எனக்குத் தோடம்பழம் வாங்கி வந்தார்கள். பிறகு இலவச ஆங்கில வகுப்பு, பிறகு ஞாயிறு ஆராதனை, பிறகு வெள்ளை உடுப்போடு தண்ணீரில் முழுக்கு. அதன் பிறகு இந்த அறை. நீ விசுவாசித்தாயா என்று கேட்டால், அந்தத் தோடம்பழத்தை விசுவாசித்தேன்.

சபையில் என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர். ஒருவரும் என்னை ஏசவில்லை, தள்ளவில்லை. அதுதான் சிக்கல். ஏசியிருந்தால் எழும்பிப் போயிருக்கலாம். வாசலில் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, மற்றவர்களுடையதைவிட நீண்ட நேரம் குலுக்குவார்கள். புதிதாக யாராவது வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய், இவர் இந்தியாவிலிருந்து வந்த சகோதரர் என்று காட்டுவார்கள். இலங்கை என்று திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். படம் எடுக்கும்போது நடுவில் நிறுத்துவார்கள். ஆனால் நான் இருக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசியாகத்தான் நிரம்பும். அங்கே ஒருவரையொருவர் சகோதரர் என்று சொல்லிக் குடும்பப் பெயரால் கூப்பிடுவது வழக்கம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பத்திரத்தில் இருந்தது அப்பாவின் பெயர். எங்கள் ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மூன்று நான்கு கிழவர்கள்தான். இங்கே பால்குடி மறந்த பிள்ளைகூட அந்தப் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டுக்கொண்டு என் காலுக்குள் ஓடும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்து என் தோளில் கை வைத்தார். கவலைப்படாதே மகனே, உயிர்த்தெழும்போது நீயும் எங்களைப் போல வெள்ளையாக இருப்பாய் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. நான் நன்றி சொன்னேன்.

சனிக்கிழமைகளில் தேநீர் குடிக்கப் பிளேஸ்டோவுக்குப் போவேன். அங்கே எங்களுக்கெல்லாம் சமைத்துப்போடும் அண்ணை ஒருவர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மேல போனாப் பிறகு வெள்ளையாக்கி என்னடா பிரயோசனம்? ஹோம் ஒபிஸ் அகதி இன்டர்வியூவுக்கு முன்னம் ஆக்கித் தரச் சொல்லு."

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பின்ன என்ன? விட்டிட்டு வாவன், சாமியார்."

"வந்து எங்க படுக்கிறது?"

அண்ணை தரையைப் பார்த்தார். என்னுடைய இடத்தில் புதிதாக வந்த இரண்டு பேர் படுத்திருந்தார்கள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிச் சீனி கூடப் போட்டுத் தந்தார்.

அம்மா அந்த நேரம் ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஞாயிறு பின்னேரங்களில் அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பார். வீட்டுக்கார அம்மாவின் தொலைபேசி படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அடுத்த அறையில் அதே நேரம் சபைப் பெண்கள் நாலைந்து பேர் கூடி ஜெபிப்பார்கள். லைன் எப்போதும் இரையும்.

"தம்பி, சாப்பிட்டியே?"

"ஓம்."

"குளிருக்குப் போத்துப் படுக்கிறியே?"

"ஓம்."

"கேக்கேல்லை!"

"ஓம்! ஓம்!"

"கோயிலுக்குப் போறனியே?"

"ஓம் அம்மா, ஓம்."

அது பொய்யில்லை. எங்கள் ஊரில் வேதக்காரரின் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்.

இரண்டு கிழமை கழித்துப் பிஷப் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர்களுடைய பிஷப் சம்பளக்காரர் இல்லை. கிழமை நாட்களில் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர். நல்ல மனிதர். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனையை உருட்டினார். கடைசியில், நீ வீட்டில் இந்து மந்திரம் ஓதுவதாகச் சகோதரிகள் பயப்படுகிறார்கள் என்றார். அதுவும் தாங்கள் ஜெபிக்கும்போது, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, திரும்பத் திரும்ப.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம், வேறு ஒன்றுமில்லை, அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும், அந்த வீட்டில் மட்டும் வேறு சொல் பாவிக்க முடியுமா என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா வயதானவர், தனியாக இருப்பவர், பயந்துபோனால் வேறு யாரையாவது அறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பார் என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுவது போலத்தான் கேட்டார். நான் சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடித்தது. அடுத்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"தம்பி, சாப்பிட்டியே?"

"ஆமா அம்மா."

"என்ன சொன்னனி?"

"ஆமா எண்டு சொன்னன்."

"என்னடா இது, படத்தில கதைக்கிற மாதிரி? பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"பொய் சொல்லாத. இது உன்ர கதை இல்லை. ஆர் சொல்லித் தாறாங்கள்?"

அந்தக் கிழமை லொட்ஜில் அடுத்த அறைப் பொடியனைப் பொலிஸ் பிடித்துப் போயிருந்தது. பொலிஸ் நிலையத்திலிருந்து அவன் தாயோடு தொலைபேசியில் கதைத்தானாம். பாடமாக்கியதை ஒப்புவிப்பது போல இருந்ததாம். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவர். லண்டன், கொழும்பு என்ற வித்தியாசம் அவருக்கு அந்த நேரம் இல்லை.

"தம்பி, உன்னைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்களோ? வாய் திறக்காத. பிடிச்சிருந்தா ஒருக்கா இருமு."

கம்பளத் தூசி பட்டுப் பட்டு எனக்கு எப்போதும் தொண்டைக் கரகரப்பு. அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க வந்தது. இருமிவிட்டேன், ஒரு தரம் அல்ல.

"ஐயோ என்ர பிள்ளை!" என்று அம்மா கத்தத் தொடங்கினார். அங்கே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

"அம்மா, இது தூசி இருமல்! நான் வீட்டில நிக்கிறன்!"

"என்ர பிள்ளைதானோ கதைக்கிறது? சுகமாத்தான் இருக்கிறியோ? சொல்லு, சொல்லு!"

பாதி திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்தேன். ஆமா என்று இன்னொரு தரம் சொன்னால் அம்மா அங்கே விழுந்துவிடுவார். யேஸ் என்றால் அதைவிட மோசம். "ஓம்!" என்று கத்தினேன். "ஓம் அம்மா! ஓம்! ஓம்! ஓம்!"

அம்மாவின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்த அறையிலும் ஜெபம் நின்றுவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக மேலங்கியை மாட்டிக்கொண்டு, எனக்கு விலகி நடந்து வெளியே போனார்கள்.

வீட்டுக்கார அம்மா மட்டும் நின்றார். யார் அழுதது என்று கேட்டார். என் தாய் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது.

"நாங்கள் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றா அவர் நினைத்தார்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

அந்தக் கிழமை முழுவதும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மகன் என்னை வானில் ஏற்றிக்கொண்டு போனார். காலையில் அந்தக் கருகிய பானம் வழக்கம் போல மேசையில் இருந்தது. ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் பெண்கள் திரும்ப வந்தார்கள். தொலைபேசி அடித்ததும் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அறைக் கதவை இறுகச் சாத்தினார். உள்ளே ரெக்கோர்ட் ஒன்றைப் போட்டு, முடிந்த மட்டும் சத்தத்தைக் கூட்டினார். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பக்திப்பாட்டு. சுவரெல்லாம் அதிர்ந்தது. அவர் கண்டுபிடித்த வழி அது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் என் சொல்லைச் சொல்லலாம், ஒருவர் காதிலும் விழாதபடி.

"அங்க என்ன பாட்டுச் சத்தம்?" என்று அம்மா கேட்டார்.

"வீட்டுக்கார அம்மா பாட்டுக் கேக்கிறா."

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் பாடுகினம். பக்தியான சனம் போல கிடக்கு. தம்பி, உனக்கு ஒரு இடத்திலயும் கால் தரிக்காது. இந்த ஆக்களை விட்டிட்டு எங்கயும் வெளிக்கிடாத. அங்கயே இரு, கேட்டியே?"

இருந்தேன். தொண்ணூறுகள் பிறந்து, வீட்டுக்காரக் கிழவி இறந்து, மகன் வீட்டை விற்கும்வரை இருந்தேன்.