நீலத் தொப்பியில் வாசித்த பாடம்

மலேசியாவின் குருண் ஊரில் எங்கள் சபை கடை வரிசையின் மாடி ஒன்றில் கூடுகிறது. அங்கே பெண்கள் முக்காடு இல்லாமல் ஜெபிப்பதில்லை. சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிடுவோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அது தோளுக்கு இறங்கிவிடும். மறுபடி இழுப்போம். ஆராதனையில் எங்கள் வலது கைக்குப் பெரும்பாலும் இதுதான் வேலை.

சென்ற ஆண்டு வரை வேதபாடம் வாசித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களும் வாசிக்கட்டும் என்று போதகர் சொன்னபோது சபை மூப்பர் யோசித்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை. எதையும் ஓட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ஒரு வாரம் பாப்போம் ஐயா. சரியா வரலன்னா பழையபடி ஆம்பளைங்களே வாசிக்கட்டும். முக்காடு மட்டும் கண்டிப்பா இருக்கணும்."

அந்த ஒரு வாரத்துக்கு, சிடாம் கிரி என்னும் ஊரிலிருந்து வரும் ஒரு பெண்ணைப் போதகர் தேர்ந்தெடுத்தார். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவள். அன்றைய பாடம் ஒரு வம்ச வரலாறு. நான் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் தலைமுறையிலேயே என் நாக்கு தடுமாறியது.

ஞாயிறு காலை அவள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் நேரே வந்தாள். பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். ஷாலைக் காணோம்.

"எங்கம்மா ஷால்?" என்று கேட்டேன்.

"மோட்டர் செயின் தின்னுடுச்சுக்கா. பாதி அங்க மாட்டியிருக்கு. மீதி இதான்."

அவள் காட்டியது எண்ணெய் அப்பிய கந்தல். நாங்கள் எல்லோரும் சேலையில் இருந்தோம். முந்தானையை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியாது. போதகர் தம் கைக்குட்டையை எடுத்தார், பார்த்தார், திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேசை விரிப்பை எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். அது திருவிருந்து மேசைக்கு என்றார் மூப்பர்.

பெண்கள் முக்காடிட வேண்டும் என்று எழுதிய அதிகாரத்திலேயே, கூந்தலே பெண்ணுக்குப் போர்வையாகத் தரப்பட்டது என்றும் பவுல் எழுதியிருப்பதைப் போதகர் நினைவூட்டினார். மூப்பர் அவள் தலையைப் பார்த்தார். வேலைக்குத் தோதாக முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள்.

"இந்தப் போர்வை பத்தாதே ஐயா."

"அப்ப நான் வாசிக்க வேணாமாண்ணே? ராத்திரி பூரா மிஷின் பக்கத்துல நின்னு அந்தப் பேரையெல்லாம் சொல்லிப் பாத்தேன்."

அவள் பையைத் திறந்து நீல நிறத்தில் ஒரு மெல்லிய தொப்பியை எடுத்தாள். கையுறையில் முடி விழாமலிருக்கத் தொழிற்சாலையில் போடுவது. அதை விரித்துக் காதுவரை இழுத்துவிட்டாள். ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை.

"இது முக்காடா?" என்றார் மூப்பர்.

அவர் மனைவி, மல்லிகைச் சரத்திலிருந்து வழுக்கிய கண்ணாடிச் சேலை முந்தானையை மேலே இழுத்துக்கொண்டே சொன்னார்: "என்னோடத விட ஒழுங்கா மூடியிருக்கு லா. என்னைய இத்தன வருசமா ஒண்ணும் கேக்கலியே?"

போதகர் அந்த அதிகாரத்தை மறுபடி முழுதும் படித்தார். மூடவேண்டும் என்று இருந்தது. எதைக் கொண்டு என்று இல்லை. நிறத்தைப் பற்றியும் ஏதும் இல்லை.

அவள் வாசித்தாள். எல்லாப் பெயர்களும் பிசகாமல் வந்தன. வேதாகமத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். எங்கள் சபையில் ஒரு பெண் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து கீழே இறங்கினோம். மூப்பர் அவளுடைய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்தி, குறடால் ஷாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அடுத்த தடவ வெள்ளைத் தொப்பியா போட்டுக்கிட்டா ஆராதனைக்குப் பொருத்தமா இருக்கும்."

"வெள்ளை சூப்பர்வைசருக்குண்ணே. எனக்குத் தர மாட்டாங்க."

அவர் குறடை மறுபடி செயினுக்குள் விட்டார்.

"அப்ப நீலமே போடு. அடுத்த மாசம் சங்கீதப் புஸ்தகத்திலேர்ந்து நீதான் வாசிக்கிற."

கடைசித் துண்டையும் உருவி அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொள்ளும்படி அவரிடமே விட்டுவிட்டாள்.