வெள்ளை எடுப்பாக இருக்கும் என்றேன்

ஒரு நாட்டுக்கு ஒரு கொடிதான் இருக்கும். நாடு பிறந்த அன்றே அதுவும் கூடப் பிறந்திருக்கும். அதைப் பெரிதாக அச்சடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டால் அந்த நாட்டுக்காரர் மனம் குளிர்ந்து சம்பந்தத்துக்குத் தலையாட்டிவிடுவார். காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்து, தலையும் நரைத்துப்போன நான் இந்த மூன்றையும் மனதார நம்பினேன்.

என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நாங்கள் சண்டை போட்டோம், சலித்தோம், சம்மதித்தோம். மிச்சம் இருந்தது பையனின் அப்பா. மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். பெண் வளர்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை மட்டும் வேளாவேளைக்கு இறங்கிற்று.

எங்கள் பக்கத்தில் ஒருவரை மதிக்கிறோம் என்றால் ஃப்ளெக்ஸ் வைப்போம். காதுகுத்துக்கும் வைப்போம், செத்தாலும் வைப்போம். ஜெர்மனியிலிருந்து வருகிற சம்பந்திக்கு வைக்காவிட்டால் ஊர் என்ன பேசும்? ஃப்ளெக்ஸ் கடைக்காரத் தம்பி திரையில் இரண்டு கொடிகளைக் காட்டினான்.

"அண்ணே, நெட்ல அடிச்சா ரெண்டு வருது. இது கறுப்பு, சிவப்பு, மஞ்சள். அது கறுப்பு, வெள்ளை, சிவப்பு. எதை வைக்க?"

"ரெண்டும் ஜெர்மனிதானா?"

"அப்பிடித்தேன் போட்டிருக்கு."

நிறம் விற்றே பிழைக்கிறவன் நான். யோசிக்கவே இல்லை. "வெள்ளை இருக்கிறத வையி. எடுப்பா இருக்கும்."

"அதுதேண்ணே நம்ம ஊருக்கும் பழகின கலரு" என்றான் அவன்.

அப்படியே ஏறிற்று. மேலே பாதியில் மூன்று பட்டைகள். கீழே சம்பந்தியின் முகம், பக்கத்தில் ஒரு சிங்கம், "ஜெர்மனி ஈன்ற சிங்கமே, வருக வருக!" காலையில் பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, கட்சி மாநாடு எப்ப?" என்று கேட்டார். நான் பெருமையோடு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் மாப்பிள்ளையோடும் அவர் அப்பாவோடும் முதல் நாளே மதுரையில் வந்து இறங்கியிருந்தாள். உடனே போன் வந்தது.

"அப்பா, அந்தக் கொடிய யாரு எடுத்துக் குடுத்தது?"

"நாந்தேன். ஏன், நல்லால்லையா?"

"அது அவுக மன்னர் காலத்துக் கொடிப்பா. இன்னைக்கு அதத் தூக்கிட்டுத் திரியுற ஆளுக, என்னைய மாதிரி ஒருத்தியத் தெருவுல பாத்தா ஊருக்குப் போன்னு கத்துறவங்க. மாமா அந்தக் கூட்டத்துக்கு எதிரா மழையில நின்னு போராடினவரு. சாயங்காலம் வந்துருவோம். அதுக்குள்ள எடுத்துருங்க."

கட்டிய ஆட்கள் பக்கத்து ஊர் கல்லலில் வேறொரு வேலைக்குப் போய்விட்டார்கள். சவுக்குக் கம்பில் கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கிழித்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"நல்ல காரியத்துக்கு வச்சதுங்க. வாரவுக மூஞ்சியக் கத்தியால கிழிக்கப் போறீகளா? வெளங்குமா?"

கத்தியை வைத்துவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்து போனில் ஜெர்மனியின் வரலாற்றைப் படித்தேன். வீடு பற்றி எரியும்போது தீயைப் பற்றிப் புத்தகம் படிக்கிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு. நடுநடுவே பிரைமர் கேட்டு வந்தவர்களுக்கு எதை எடுத்துக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இருநூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லையாம். சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை என்று நம் பக்கம் இருந்ததைப் போலத் துண்டு துண்டாக ராஜ்யங்கள். பேச்சு ஒன்று, சுங்கச்சாவடி ஆளுக்கொன்று. பிரெஞ்சுப் படை வந்து எல்லோரையும் மிதித்த பிறகுதான், நாமெல்லாம் ஒரே ஆட்கள் அல்லவா என்ற நினைப்பு வலுத்திருக்கிறது. பாட்டுக் கட்டினார்கள், நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்தார்கள். எதிர்த்துப் போன தொண்டர் படை ஒன்றுக்குக் கறுப்புச் சட்டை, சிவப்பு ஓரம், பொன்னிறப் பொத்தான். அந்த நிறங்களைத்தான் பிறகு மாணவர்கள் கொடியாகப் பிடித்தார்கள். ஒரே நாடு வேண்டும், மக்கள் தேர்ந்தெடுத்த சபை வேண்டும், எழுதவும் பேசவும் விட வேண்டும் என்றார்கள். மன்னர்கள் விடவில்லை.

நாட்டைக் கடைசியில் ஒன்றாக்கியது அந்த ராஜ்யங்களில் ஒன்றான பிரஷ்யாவின் ஆட்கள், அதுவும் வரிசையாகப் போர் நடத்தி. தோற்ற பிரெஞ்சுக்காரனின் அரண்மனையிலேயே நின்று தங்கள் மன்னரைச் சக்கரவர்த்தி என்று அறிவித்தார்கள். பிரஷ்யாவின் கறுப்பு வெள்ளையோடு சிவப்பைச் சேர்த்ததுதான் அவர்கள் கொடி. நம்மவர் யார் என்று தொடங்கிய பேச்சு, நம்மவர் அல்லாதவன் யார் என்று திரும்பிவிட்டது. முதல் உலகப்போரில் தோற்று மன்னர் ஓடிய பின் குடியரசும் மாணவர்களின் கொடியும் வந்தன. குடியரசு பிடிக்காதவர்கள் பழைய கொடியை விடவில்லை. அந்தக் கொடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் யூதர்களைக் கொன்று குவித்த அந்தப் பெரும் நாசம் ஆட்சியில் ஏறிற்று.

ஒரு நாட்டின் அத்தனை துக்கத்தையும் நான் ஒரே வார்த்தையில் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எடுப்பா இருக்கும்.

போனை வைத்தேன். அப்போதுதான் மூளையில் மின்னல் வெட்டிற்று. எனக்கு மின்னல் வெட்டினால் என் மனைவி சாமி படத்தைப் பார்ப்பாள். வெள்ளைப் பட்டையில் சிவப்பை அடி, சிவப்புப் பட்டையில் மஞ்சளை அடி, கொடி மாறிவிடும்! கடையில் எனாமல் இருக்கிறது, ரோலர் இருக்கிறது, ஏணி இருக்கிறது. இல்லாதது நிதானம் மட்டும்தான்.

வெள்ளை மேல் சிவப்பு அழகாகப் பிடித்தது. சிவப்பு மேல் மஞ்சள் பிடிக்காது, அடியில் வெள்ளை கொடுத்துக் காயவிட வேண்டும் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்தான். அன்று நேராக மஞ்சளை அடித்தேன். பழுத்த பப்பாளி நிறம் வந்தது. அதற்குள் மேலே இருந்த சிவப்பு ஒழுகிச் சம்பந்தியின் நெற்றியில் இறங்கிற்று. ஏணியைப் பிடித்திருந்த மனைவி பணியாரம் கருகுகிறது என்று ஓடிவிட்டாள். பிடிக்க ஆள் இல்லாமல் ஏணி ஆடியது.

கார் வந்து நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவன்போல ரோலரைப் பிடித்தபடி நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் என் மகளின் கல்யாணம் நின்றுபோய், அவள் தனியாகக் கிழவியாகி, என்னைத் திட்டுவதுவரை பார்த்துவிட்டேன்.

ஏணியின் ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தேன். ஃப்ளெக்ஸில் சிங்கத்தோடு இருந்த அதே முகம் கீழே இருந்தது. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"மெதுவா இறங்கச் சொல்றாக" என்றாள் மகள்.

இறங்கி நின்று, கறுப்பும் சிவப்பும் பப்பாளியுமாக இருந்ததை அண்ணாந்து பார்த்தோம். பழைய வெள்ளை ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. அவர் அதைக் காட்டிப் பேசினார். மகள் மெல்லச் சொன்னாள்.

"இந்தப் பழைய கொடி ஒண்ணு அவுக தாத்தா பெட்டியில கிடந்துச்சாம். அவுக அப்பா அத விரிச்சதும் இல்ல, தூக்கிப் போட்டதும் இல்லையாம். மாமாதான் ஒரு நாள் எடுத்து எரிச்சாகளாம்."

"இத என்ன செய்யணுமாம்?"

"முதல்ல இறக்குவோம்கிறாக."

என் மனைவி தட்டோடு வந்தாள். "பணியாரம் ஆறிப்போகுது, இங்குட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அவர் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை ஏணியில் ஏறிக் கம்பிகளை வெட்டினார். பெயிண்ட் ஈரமாக இருந்ததால் மடிக்க முடியவில்லை. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து, கடைக்குப் பின்னால் கொண்டுபோய் விரித்துப் போட்டோம். கை கழுவ மண்ணெண்ணெய் கொடுத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும், கல்யாணம் எந்த மாதம் என்று கேட்டார்.

ஆவணியில் நடந்தது.