லொறிக்கு இரண்டாவது வைத்தியர்

லொறி திருத்தும் கராச் பாஸ் கையைத் துடைத்த விதம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பழைய சாரத்துண்டு ஒன்றால் விரல் விரலாகத் துடைத்தார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்று பழகியவர்களுக்கு அந்தத் துடைப்பின் பொருள் தெரியும். "டீசல் பம்ப் பழுதாப் போட்டுது ஐயா. கொழும்புக்கு அனுப்பவேணும். எஞ்சினையும் ஒருக்கா இறக்கிப் பாக்கிறதுதான் நல்லது" என்றார். அதற்கு ஆகும் செலவையும் சொன்னார். நான் லொறியின் மட்காட்டைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினுக்கு முதல் என்னை இறக்கிப் பார்த்திருக்கவேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, துறைமுகத்தில் எழுதுவினைஞனாயிருந்த என் கையில் கொஞ்சம் காசை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசு முழுவதும் லொறியாக உருமாறி என் வீட்டு வளவுக்குள் நின்றது. கந்தளாயிலிருந்து நெல்லேற்றி வந்து கொடுத்தே வீட்டில் அடுப்பெரிந்தது. வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோன காலம் அது. கொழும்புக்குப் போகும் பம்ப் எப்போது திரும்பும் என்பதை கராச் பாஸாலும் சொல்ல முடியவில்லை. பழுதும் ஒரு விசித்திரமான பழுது. டவுனுக்குள் குதிரைபோல ஓடும். கண்டி வீதியில் ஏறி, தம்பலகாமச் சந்தி கிட்டும்போது இருமும், விக்கும், படுத்துவிடும். கொஞ்சநேரம் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் தானே எழும்பும். பிறகு தூரத்து மருதமரத்தடியில் மறுபடி படுக்கும்.

நான் செய்யாத வைத்தியமில்லை. ஆயுதபூசைக்கு என் கையால் சந்தனம் பூசிய லொறி இப்படிச் செய்யலாமா என்று மனம் நொந்து, அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பூச்சுக் கூட்டினேன். ரேடியேட்டர், சில்லு, ஸ்டியரிங், டாங்கி மூடி, ஒன்றையும் விடவில்லை. என் கலியாணத்தன்று எனக்கே அவ்வளவு சந்தனம் கிடைத்ததில்லை. பழுது குறையவில்லை, கூடியது. பழுது கூடக்கூடப் பயமும் கூடியது. பயம் கூடக்கூடச் சந்தனமும் தடித்தது.

கடைசியில், பழைய லொறிகளை இரும்பு விலைக்கு எடுக்கும் ஒருவர், பொழுதுபட வந்து முடிவு கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓம், விற்கிறேன் என்று சொல்ல வாயைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். மனக்கண்ணில் என் பிள்ளைகள் கடற்கரையில் கச்சான் கடலை விற்றார்கள். சின்னவளுக்கு நல்ல வியாபாரம். நான் கோயில் வாசலில் செருப்புக்குக் காவலிருந்தேன். அதிலும் ஒரு சோடியைத் தொலைத்துவிட்டேன்.

மனைவிதான் பொறுக்கமாட்டாமல், "இஞ்சேருங்கோ, வித்துப்போட்டு அழுறதுக்கு முந்தி நானாவிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள்.

நானா எங்கள் தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் பெரியவர். சொந்தமாக மூன்று லொறி ஓடவிட்டவர். எந்த விஷயத்துக்கும் அவரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். முதலாவது அபிப்பிராயத்தை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை என்பதுதான் சிக்கல். டொக்டர் மலேரியா என்றால் நானா கண் மஞ்சளாகும் செங்கமாரி என்பார். செங்கமாரி என்று வந்தவனை மலேரியா என்று திருப்பி அனுப்புவார். இதனாலேயே நான் அந்தப் பக்கம் போகாதிருந்தேன். அன்று வேறு வழியில்லாமல் போய்ச் சொன்னேன்.

"பம்ப் எண்டு ஆரு தம்பி சொன்ன?"

"கராச் பாஸ்."

"அப்ப பம்ப் இல்ல."

லொறி நின்ற திசையைக்கூட அவர் பார்க்கவில்லை. கச்சான் கடை உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் கடையைச் சாத்திவிட்டு, வெற்றிலையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு என்னோடு ஏறினார். வழி முழுக்க என் லொறியைத் தவிர உலகத்தில் பழுதான எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தார். சந்தி கிட்டியது. லொறி இருமியது, விக்கியது, படுத்தது.

எஞ்சினுக்கு மேலிருந்த பொனற்றைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் நேரே டீசல் டாங்கியடிக்குப் போனார். "உங்கட டீசலை ஆரோ உறிஞ்சிறான் தம்பி" என்றார். அவரைப் பொறுத்தமட்டில் லொறிக்கு வரும் சகல வருத்தங்களுக்கும் டீசல் களவுதான் மூலகாரணம். மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று டாங்கிக்குள் காற்று இழுபட்டது. கடலுக்குள் சுழியோடியவன் மூச்சுமுட்டி மேலே வந்ததும் இழுப்பானே, அப்படி ஒரு இழுப்பு. உள்ளே டீசல் தாராளமாகக் கிடந்தது. கள்ளன் கிடைக்காத கவலை நானாவின் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் டீசலும் புழுதியும் ஊறிச் சீமெந்தாகிக் கிடந்தன. அதன் கீழே ஒரு சின்னத் துளை.

"சாமிக்குப் பூசுங்க, வேணாம் எண்டல்ல. டாங்கியும் மூச்சு விடணும் தம்பி. ஆராவது மூக்குக்குள்ள சந்தனம் வெப்பானா?"

டீசல் போகப் போக அந்தத் துளைவழியே காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. லொறி நின்றுநின்றாவது ஓடியது, எங்கோ இடுக்கால் கசிந்த காற்றின் புண்ணியத்தில். கராச் பாஸைக் குறைசொல்ல ஏலாது. அவர் பார்த்தது எஞ்சினை, பக்தியை அல்ல. நானா தன் சட்டையில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் துளையைக் குத்தினார். டீசலை ஏற்றும் கைப்பம்பை அமத்தினேன். ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது.

"சொன்னனா இல்லியா, பம்ப் இல்ல எண்டு?"

"களவு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது சும்மா, உங்களைப் பயங்காட்ட."

அவருக்குத் தெரிந்திருந்ததா, கைபட்டுத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் காலமாகிவிட்டார். இப்போது என் நெஞ்சைச் சோதிக்கும் டொக்டர் காதுக்குழாயைக் கழற்றிவிட்டுக் கையைத் துடைக்கும்போது, அப்படியில்லை என்று அடித்துச்சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லையே என்று சுற்றிப் பார்க்கிறேன்.

அன்றைக்கு, பழுது போனதை நிச்சயப்படுத்தவேண்டும் என்று இன்னும் ஓடவிட்டோம். சந்தி கடந்தது. வயல்கள் கடந்தன. இரும்புக்காரருக்குச் சொல்லப்போகும் 'இல்லை'யை வாய்க்குள் ருசி பார்த்துக்கொண்டு வந்தேன். லொறி வழக்கமாகப் படுக்கும் மருதமரம் தெரிந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை அமத்தியது, கை தானாக ஓரம் கட்டியது. நின்றுவிட்டோம். எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நானா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினார்.

"இப்ப எது தம்பி பழுது?"

"நான்தான் நானா" என்றேன்.