முகத்தின் மேல் விழுந்த கைநிழல்

பெங்களூரின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல என் அலமாரியில் உள்ளன. கோட்டை, ஏரிகள், படைவீடுகள், பஞ்சாலைகள் யாவும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. இந்நகரில் தங்கிப் பயின்ற ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றி ஒரு பத்தியைக்கூட நான் அவற்றில் கண்டதில்லை. அவர்களுள் சிலரோடு பழகும் பேறு எனக்கு வாய்த்தது. அவர்கள் இன்று திசைக்கொருவராகப் பிரிந்துவிட்டனர். என் நினைவு மங்குமுன் ஒரு நிகழ்ச்சியையேனும் எழுதி வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த தேவாலயக் கூடமொன்றில், கென்யா, சூடான் முதலிய நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் ஞாயிறு பிற்பகல்தோறும் கூடிப் பாடுவார்கள். இசைக்கருவிகள் இல்லை, கைத்தட்டலும் குரல்களுமே போதும். தெருவில் செல்வோர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பதைக் கண்டிருக்கிறேன். இம்மாணவர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாயிருந்தது, பேருந்தில் அருகே அமரப் பிறர் தயங்கினர், ஆனால் தம் ஊர்க் களியைப் போன்ற ராகிக் களியை இங்கு முதன்முதல் உண்ட நாளில் தம் தாயின் அடுக்களையே நினைவுக்கு வந்ததாம். இவற்றையெல்லாம் கேட்டறிந்து ஒரு கட்டுரை எழுதினேன். அதனோடு நிழற்படங்களையும் சேர்த்து, அவர்களுடைய பாடல்களோடு, அக்கூடத்திலேயே ஒருநாள் கண்காட்சி நடத்துவதென முடிவாயிற்று.

படங்களை எடுத்தவர் ஸ்ரீராம்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த என் நண்பர். பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கு அவ்வட்டாரத்தில் அவரே பேர்போனவர். அவர் எடுத்த படத்தைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் மறுக்கமாட்டார்கள் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நம்பினர்.

பாடற்குழுவை நடத்தியவள் கென்யாவிலிருந்து வந்து மருந்தியல் பயின்ற மாணவி. ஆடுகோடியில் ஒரு தமிழர் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். வீட்டுக்கார அம்மாவிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் கற்ற தமிழில் கன்னடமும் கலந்திருக்கும். அவ்வாண்டு டைபாய்டு காய்ச்சலால் நெடுநாள் படுத்திருந்து தேறியிருந்தாள். அச்செய்தி ஊருக்குப் போனபோது பெரிதாகிவிட்டது. மகள் பிழைக்கமாட்டாள், தன்னிடம் மறைக்கிறார்கள் என்றே அவள் தாய் நம்பினாராம். தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. முகத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாராம். கண்காட்சிக்கு மறுநாள் அவள் நாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்புவதாயிருந்தது. அவரிடம் ஒரு படத்தையும் பாடல் பதிந்த ஒலிநாடாவையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதே அவளுடைய ஒரே கோரிக்கை.

கண்காட்சிக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை, அச்சிட்ட படங்களைக் காண நானும் அவளும் ஸ்டுடியோவுக்குச் சென்றோம். நண்பர் பெருமிதத்தோடு அவற்றை மேசையில் பரப்பினார். பெரிய, தெளிவான கறுப்பு வெள்ளைப் படங்கள். எனக்கு அழகாகவே தோன்றின. அவளோ தன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது யாரு?"

"என்னாம்மா இப்படிக் கேக்கற? நீதாம்மா! சும்மா ஜம்முன்னு வந்திருக்கு பாரு. எல்லாருக்கும் நல்லா கலர் தூக்கிக் குடுத்திருக்கேன். நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கே இவ்ளோ செஞ்சதில்ல."

"சாம்பல் பூசின மாதிரி இருக்கு அண்ணா. இதப் பாத்தா எங்கம்மா அழும். ஜுரம் போகல, பொண்ணு சாகுதுன்னு நெனைக்கும்."

அதன்பிறகே நானும் படத்தை உற்று நோக்கினேன். கன்னத்தின் மினுமினுப்பு இல்லை, உதடுகள் வெளிறியிருந்தன. நோயிலிருந்து மீண்ட பெண்ணின் படம் நோயாளியின் படமாகவே இருந்தது.

நண்பரின் முகம் சுருங்கியது. "இருக்கிறபடியே போட்டா, கறுப்பா காமிச்சுட்டான்னு என் பேருதான் சார் கெடும். நாளைக்கு எவன் வருவான் கடைக்கு?"

"எங்கம்மா வரும் அண்ணா. ஃப்ளைட் பிடிச்சு வந்து உங்களக் கேக்கும்," என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். "வேணாம்மா தாயே, உள்ள வா" என்று எங்களை இருட்டறைக்கு அழைத்துச் சென்றார்.

சிவப்பு விளக்கின் கீழ் அவர் செய்முறையை விளக்கினார். படச்சுருளின் ஊடே மேலிருந்து விழும் ஒளி தாளில் எங்கு மிகுதியாகப் படுகிறதோ அங்குக் கருமை கூடும். முகத்தின் மேல் மட்டும் உள்ளங்கையைக் குறுக்கே ஆட்டி ஒளியைத் தடுத்தால் முகம் வெளுக்கும். அவருடைய பேரெல்லாம் அந்தக் கையசைவால் வந்ததே. இம்முறை கை போடமாட்டேன் என உறுதி கூறிவிட்டு ஒளியைத் திறந்தார். மறுகணமே அவர் கை தானாக எழுந்து அவள் முகத்தின் மேல் நிழலாய் விழுந்தது.

"பேடாண்ணா, வேணாம்!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயய்யோ, அதுவே போவுதும்மா!" அத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மற்றொன்றை வைத்தார். அப்போது அவள் அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள். ஒளி தாளின் மேல் தடையின்றி விழுந்தது. இருவரும் அசையவில்லை.

மருந்துத் தட்டில் இட்ட தாளில் முதலில் கண்கள் தோன்றின. பின்னர் நெற்றி, கன்னத்தின் பளபளப்பு, சிரிக்கத் தொடங்கிய உதடுகள். நண்பர் குனிந்து பார்த்து, "அட, கன்னத்துல வெளக்கு ஏத்தின மாதிரி இருக்கே!" என்றார். யாரிடமும் பாராட்டை எதிர்பாராமல், தமக்கே சொல்லிக்கொண்ட சொல் அது. அவள் தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை முழுதும் கடையைச் சாத்திவிட்டு, எஞ்சிய படங்கள் அனைத்தையும் அவர் அவ்வாறே மீண்டும் அச்சிட்டார்.

கண்காட்சிக்கு வந்தோர் மிகச் சிலரே. நண்பரின் மனைவி அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்று, "நம்ம மூத்தவ ஜாடை இல்ல?" என்று கணவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் படத்தின் அருகே சென்று குனிந்து பார்த்தார். அதன்பின் அவர் கடையில் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் ஒழிந்ததா எனில், இல்லை, வாடிக்கையாளர்கள் விடவில்லை. ஆயினும் படமெடுக்க வருபவரிடம், "இருக்கிறபடி போடவா, தூக்கிப் போடவா?" என்று கேட்கத் தொடங்கினார். முன்பு அவர் கேட்டதே இல்லை.

சில வாரங்களுக்குப் பின் அம்மாணவியைப் பாடற்கூட்டத்தில் கண்டேன். படம் போய்ச் சேர்ந்ததா என்றேன்.

"சேர்ந்துச்சு சார். அம்மா போன்ல ஒரே திட்டு. காய்ச்சல்னு பொய் சொன்னியா, இப்படிக் குண்டாயிருக்கே, சோத்தைக் குறைன்னு சொல்லுது."

கூடமே அதிரும்படி அவள் சிரித்தாள். பிறரைப் பற்றி ஒரு வரி எழுத அமரும்போதெல்லாம், நல்லெண்ணத்தோடு நான் அவர்கள்மேல் எந்த நிழலை இடுகிறேன் என்று இன்றும் ஒருமுறை என் கையை நோக்கிக்கொள்கிறேன். இவ்வரிகளிலும் அத்தகைய நிழல் விழுந்திருக்கக்கூடும். அந்நாளில் அங்குப் பாடியவர்களோ அவர்களை அறிந்தவர்களோ இதனைப் படிக்க நேர்ந்து பிழை காணின், தயங்காமல் திருத்தியருள வேண்டுகிறேன்.